பட்டி அடைத்த இறக்கை

போன செவ்வாய்க்கிழமை சென்னையில், விமானப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் எனக்கு நேர்காணல். இறக்கையின் முன்விளிம்பில் இருக்கும் ஸ்லாட் என்ற நகரும் தகட்டுக்கும் இறக்கைக்கும் நடுவே ஏன் இடைவெளி என்று கேட்டார்கள். "இடைவெளி இருக்காது சார்" என்றேன். சிரித்தார்கள். அந்த வேலை கைநழுவிப் போயிற்று.

நாங்குநேரிப் பக்கம் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பழைய விமான இறக்கை உண்டு. நான்கு வருடம் அதைத் தொட்டுத்தான் படித்தேன். அதில் இடைவெளி இல்லை. அடுத்த வியாழக்கிழமை அதே நேர்காணலுக்குப் போகிறார்கள் எங்கள் ஜூனியர்கள். அதனால் ரயிலை விட்டுவிட்டு, கடன் வாங்கி, காலை 7.10 விமானத்தில் திருவனந்தபுரத்துக்கு ஏறினேன். கட்டணம் 4,350 ரூபாய். படித்ததைக் கண்ணால் பார்க்க இன்னொரு கட்டணம்!

இறக்கைக்குச் சற்று முன்னால் ஜன்னலோர இருக்கை கேளுங்கள். இறங்கும்போது விமானம் வேகத்தைக் குறைத்து மூக்கைத் தூக்கும். அப்போது இறக்கையின் மேல்பரப்பை விட்டுக் காற்று பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். ஸ்லாட் முன்னால் நகர்ந்து கீழே சாய்கிறது. திறக்கும் இடைவெளி வழியாகக் கீழ்க்காற்று மேலே பாய்ந்து, மேல்காற்றை இறக்கையோடு ஒட்டவைக்கிறது. பின்விளிம்பில் ஃபிளாப் என்ற மடல் நீண்டு வளைந்து, குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்குகிறது. அந்த இடைவெளியை நான் பார்த்தேன். கறுப்பாக, விரல் நுழையும் அகலத்தில் ஒரு கோடு.

திருவனந்தபுரத்திலிருந்து, நாகர்கோவிலில் பேருந்து மாறி, நாங்குநேரிக்கு நாலரை மணி நேரம். ஆய்வக உதவியாளரைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, இங்கன இடைவெளி இருந்துச்சா?"

"இருந்துச்சுலே, நீ சேருததுக்கு முந்தி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வாரவங்க விரிசல்னு எழுதிருவாங்கன்னு தாளாளருக்குப் பயம். கார் பட்டறை ஆளைக் கூட்டியாந்து பட்டி பாத்து அடைச்சு பெயின்ட் அடிச்சாச்சு. ஃபிளாப்பும் அப்படித்தான். மொழுமொழுன்னு இருக்குல்லா?"

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பட்டியைக் கொத்த ஆரம்பித்தேன். துறைத்தலைவர் ஓடி வந்தார்.

"ஏலே, காலேஜ் சொத்துலே அது!"

"என் வேலையை உடைச்சப்ப யாரும் ஓடி வரலையே சார்."

அவர் தாளாளருக்குப் போன் போட வெளியே போனார். ஜூனியர்கள் சுற்றி நின்றார்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பட்டி உதிர்ந்தது. ஒருத்தி குனிந்து கீழிருந்து ஊதினாள். மேலே கை வைத்திருந்தவன் கத்தினான்: "அண்ணே, காத்து வருது!"

இனி அந்தக் கல்லூரிக்குள் எனக்கு அனுமதி இல்லை. இருக்கட்டும். வியாழக்கிழமை அவர்கள் சரியாகப் பதில் சொல்வார்கள்.

பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு போஸ்ட்கார்டு கொண்டுபோங்கள். ஆய்வகத்தில் ஸ்லாட்டை இறக்கிக் காட்டச் சொல்லி, அதற்கும் இறக்கைக்கும் நடுவே கார்டைச் செருகிப் பாருங்கள். நுழையவில்லையா? பணத்தைக் கட்டாமல் அடுத்த பேருந்தில் ஏறுங்கள்.