இருபது இருக்கை குறைந்த விமானம்

டுலுத் நகரிலிருந்து சிகாகோவுக்குச் சிறிய ஜெட் ஓட்டும் கேப்டன் லோர்னா ஹைக்கினென், எதையும் துருவிப் பார்க்காமல் விடமாட்டாள். அவள் கம்பெனியில் விமானிகளுக்கு மணிக்கணக்கில் சம்பளம். அந்த மணிக்கு எவ்வளவு என்பது ஓட்டுகிற விமானத்தைப் பொறுத்தது. இருக்கை கூடினால் காசும் கூடும். எழுபது இருக்கை விமானத்தையே வருடக்கணக்காக ஓட்டி வந்தவளுக்கு, அந்த இலையுதிர்காலத்தில் ஐம்பது இருக்கை விமானம் ஒன்றை ஒதுக்கினார்கள்.

ஏறி உட்கார்ந்தாள். அதே மூக்கு, அதே இறக்கை, அதே எஞ்சின். மணிக்குப் பதினெட்டு டாலர் மட்டும் குறைவு.

நேராக விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கருக்குப் போய் மெக்கானிக் டுவைட்டைப் பிடித்தாள்.

"உண்மையச் சொல்லுங்க டுவைட், இது நம்ம பழைய வண்டிதானே?"

"பின்ன? இருபது சீட்டப் பிடுங்கிட்டு நொறுக்குத்தீனி அலமாரி வச்சோம். உன் சம்பளத்துல வெட்டின காசுலதாம்மா பிஸ்கட் அடுக்கியிருக்காங்க!"

லோர்னாவுக்குக் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. விமானிகள் சங்கம் சும்மா விடவில்லை. விவகாரம் நடுவரிடம் போனது, லோர்னாதான் சாட்சி.

"ஆளு குறைஞ்சா பொறுப்பும் குறையுதுல்ல?" என்றார் கம்பெனி சார்பில் வந்திருந்த மேனேஜர் பிரென்ட்.

"அப்ப பனி கொட்டுறப்ப ஐம்பது பேருக்கு எவ்வளவு கவனம் போதுமோ, அவ்வளவோட இறக்கட்டுமா சார்?"

அறையே சிரித்தது. நடுவர் சிரிக்கவில்லை. "ஓட்டும்போது உங்களுக்கு வித்தியாசமே தெரியலையாம்மா?"

சங்கத்துக்காரர் அவளையே பார்த்தார். அவளுக்குப் பொய் வாயில் வரவில்லை.

"தெரியுது. பாரம் கம்மி. ஓடுபாதைய விட்டதும் விசுக்குனு ஏறுது. எனக்கு அது ரொம்பப் புடிச்சிருக்கு."

சங்கத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெட்டியதில் பாதியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நடுவர் முடித்துவைத்தார். சக விமானிகள் சில வாரம் அவளை வறுத்தெடுத்தார்கள்.

வசந்தத்தில் எழுபது இருக்கைக்குத் திரும்ப வாய்ப்பு வந்தது. விண்ணப்பிக்கவில்லை.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? முழுச் சம்பளத்த யாராச்சும் வேணாம்பாங்களா?" என்று டுவைட் திட்டினார்.

"இன்னொரு குளிர்காலம் ஓட்டிப் பாக்கணும். குளிர்ல காத்து அடர்த்தியா இருக்கும்ல, அப்ப இது எப்படி ஏறுதுன்னு இன்னும் சரியா பிடிபடல."

அடுத்த ஜனவரியில், உறைந்துகிடந்த ஏரிக்கு மேலே, அது ஏறிய வேகத்தைக் கண்டு துணை விமானி விசிலடித்தான். லோர்னா உயரமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.