தண்ணிப் பால் என்ற பழி

பனியன் கம்பெனியில் கேன்டீன் நடத்துகிறவன் உப்புமாவில் உப்பை மறந்தாலும் பிழைத்துக்கொள்வான். பாலில் சந்தேகம் வந்தால் தொலைந்தான். என்னைப் போலவே கரண்டியே கதி என்று வாழும் சமையல்காரர்களான உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பல் டாக்டரின் யோசனை

எங்கள் கம்பெனியில் பல் மருத்துவ முகாம் நடந்தது. நாள் முழுக்கக் குடிக்கும் சர்க்கரை டீதான் பல்லுக்கு எமன் என்றார் டாக்டரம்மா. "சாயங்கால டீக்குப் பதிலா சர்க்கரை போடாம, கொழுப்பு குறைஞ்ச பால் கொடுங்க. கொழுப்பை எடுத்தாலும் பல்லுக்கு வேண்டிய கால்சியம் அதுல இருக்கும். ஆனா ஏற்கெனவே விழுந்த ஓட்டை பாலால அடையாது" என்றார். முதலாளி தலையாட்டினார். மறுநாளே மாற்றினேன்.

வீங்கிய கன்னத்தோடு டம்ளரை வாங்கிய டெய்லர் ராசாத்தி முறைத்தாள்: "ஏனுங்க, எம்பல்லுல ஓட்டைன்னா டீயில எதுக்குங்க கை வெக்கறீங்க?"

ஏடு கட்டாத பால்

அந்தப் பாலைக் காய்ச்சினால் ஏடு கட்டவில்லை. கட்டிங் முதல் பேக்கிங் வரை ஒரே பேச்சு: கேன்டீன்காரன் தண்ணீர் கலக்கிறான். ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒரு தையல் லைனே மெஷினை நிறுத்திவிட்டு டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தது. தண்ணீர் என்று நிரூபணமானால் உடனே காலி செய்ய வேண்டும் என்றார் மேனேஜர். எனக்கும் என் மனைவிக்கும் இந்த அடுப்பை விட்டால் வேறு பிழைப்பில்லை. தப்பே செய்யாதவனுக்கும் அந்த நேரத்தில் திருட்டு முழிதான் வருகிறது.

அயர்ன் மாஸ்டர் பழனிச்சாமி, ஊரில் மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். அவர் எழுந்து சொன்னார்: "நாளைக்கு எங்கூட்டுப் பாலும் பால்மானியும் கொண்டாரனுங்க. தண்ணி இருந்தா அது காட்டிக் குடுத்துப்போடும்."

பால்மானியின் தீர்ப்பு

மறுநாள், அடுப்பில் ஏற்றுவதற்கு முன் என் பாலில் பால்மானியை விட்டார். தண்ணீர் கலந்திருந்தால், மிதக்கும் அந்தக் கண்ணாடிக் குழாய் கீழே இறங்க வேண்டும். பால்மானி இறங்கவில்லை. தன் வீட்டுப் பாலிலும் விட்டுப் பார்த்தார். அதில்தான் சற்று இறங்கி நின்றது. மேனேஜர் ஷிப்மென்ட் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கேன்டீன் பிழைத்தது.

கொழுப்பு இலேசானது, அதை எடுத்தால் பால் கனத்துவிடும், அதனால்தான் பால்மானி மேலே நிற்கும் என்று பிறகு பால் ஏஜென்ட் விளக்கினார். பழனிச்சாமியின் பாலில் ஒரு குறையும் இல்லை. இதை எல்லோரிடமும் நானே சொன்னேன். ஆனால் அந்த நிமிஷத்தில் யாருக்குத் தெரியும்? கன்னத்தைப் பிடித்துக்கொண்டே ராசாத்தி கேட்டாள்: "அப்படீன்னா, தண்ணி உங்கூட்டுப் பாலுலதானுங்களா மாஸ்டர்?"

ராசாத்தி இப்போது பல்லை அடைத்துக்கொண்டு வந்து பாலையும் குடிக்கிறாள்; ஆனால் என் பாலில் தண்ணீர் இல்லை என்று நிரூபணமான நாள் முதல், அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று, மதியச் சாப்பாட்டுக்கு நான் ஊற்றும் மோரைத்தான் எல்லோரும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.