ஒரு கோப்பு குறைந்த பிளகின்

மதியம் மூன்று இருபதுக்கு என் மகளின் கைபேசி அடித்தது. கேட்டவள் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

தென்காசியில் எங்கள் வீட்டிலிருந்தபடியே குற்றாலத்து மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு அவள் வேலை செய்தாள். புரோகிராம் எழுதுகிறவர்களின் மென்பொருளுக்குள் சேர்க்கும் பிளகின் ஒன்றைச் செய்திருந்தாள். அதற்குள் ‘நேட்டிவ் லைப்ரரி’ என்ற கோப்பு உண்டு. கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு வகைச் சிப்புக்கும் அதைத் தனியாகத் தயாரித்து உள்ளே வைக்க வேண்டும். பிளகினை வாங்க வந்தவர்களை முதலாளி காலையில் ஐந்தருவியில் குளிக்க வைத்து, வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, அவர்களுடைய லேப்டாப்பிலேயே பிளகினைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அந்த லேப்டாப்பில் இருந்தது புதுவகைச் சிப்பு. அதற்கான கோப்பை மகள் வைக்கவில்லை. மென்பொருள் மொத்தமாக மூடிக்கொண்டது.

“அவங்க அஞ்சு மணிக்குக் கிளம்புதாங்களாம். அதுக்குள்ள சரியாக்கி அனுப்பிருவேன்மா.”

அதற்குள் முதலாளியே வந்துவிட்டார். சாரலில் நனைந்த சட்டை. செருப்போடு உள்ளே நுழைந்தார்.

“ஏட்டி, வந்த ஆளுக முன்னால என்ன அம்மணமா நிறுத்திட்டியே.”

“பத்து நிமிசம் அண்ணாச்சி. அந்தச் சிப்புக்கும் சேத்துப் போடுதேன். ஓடிக்கிட்டு இருக்கு.”

“நீ போட்ட லட்சணத்தத்தான் பாத்து சிரிச்சானுவளே.”

மகளைக் கன்னத்தில் அறைந்தார். நான் குறுக்கே போனேன். அவர் முழங்கை என் வாயில் இடித்தது. பல் உதட்டைக் கிழித்தது. மடக்கு இரும்பு நாற்காலியைத் தூக்கி லேப்டாப்பின்மேல் ஓங்கினார். பாதி முடிந்த வேலை அதற்குள் இருந்ததால் மகள் நகரவில்லை. வலது கையை அதன்மேல் வைத்து மறைத்தாள். நாற்காலி இருமுறை இறங்கியது. இரண்டாவது அடியில் கேட்ட சத்தம் திரையுடையது மட்டுமல்ல. அது இன்னும் என் காதில் இருக்கிறது.

கையைப் பார்த்ததும் நாற்காலியைப் போட்டுவிட்டு வெளியே போனார். தெருவில் நின்றும் ஏசினார்.

“அம்மா, முடிஞ்சிட்டான்னு பாரு,” என்றாள் மகள். திரையில் ஒன்றும் தெரியவில்லை. அவள் கையைத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். இந்த விரல்கள் இனி எதையாவது தட்டுமா என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

போன் செய்து வெகுநேரம் கழித்து ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கி வந்த பெண் துண்டை மெதுவாகப் பிரித்தாள்.

“ஏட்டி, என்னயப் பாரு. விரல ஆட்டு.”

பெருவிரலும் சுட்டுவிரலும் அசைந்தன.

“ரெண்டு ஆடுது. மிச்சத்த எக்ஸ்ரே எடுத்தாத்தான் சொல்ல முடியும். நீங்களும் ஏறுங்கம்மா, ஒங்க வாயிலயும் ரத்தம் வருது.”