சட்டையில் தொங்கிய பாஸ்வேர்டு

1999-ஆம் ஆண்டு. கங்கைகொண்டான் அருகே பம்பு தயாரிக்கும் ஒரு சிறிய தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் வேலை எனக்கு. அப்போதுதான் எங்களுக்கு இ-மெயில் வந்திருந்தது. பாஸ்வேர்டை மறந்துவிட்டு ஆளாளுக்கு என்னைத் தேடி வந்ததால், அவரவர் பணியாளர் எண்ணையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டேன். அந்த எண் எல்லோர் சட்டையிலும் தொங்கிய அட்டையில் அச்சாகியிருந்தது. எல்லோருக்கும் இப்படித்தான் வைத்திருக்கிறேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் எங்கள் புதிய பம்பின் வரைபடம் போட்டி நிறுவனத்துக்குப் போய்விட்டது. போனது, படம் வரையும் அண்ணாச்சியின் இ-மெயிலிலிருந்து. பதினைந்து வருடம் அங்கே இருந்தவர். டவுணிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் வருவோம். எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பார்.

தான் அனுப்பவில்லை என்று அவர் சொன்னதை நிர்வாகம் நம்பவில்லை. வக்கீலைப் போய்ப் பார்த்தார். இ-மெயிலுக்கென்று இங்கே இன்னும் சட்டமே வரவில்லை, கம்ப்யூட்டர் தெரிந்தவர் சொல்வதைத்தான் எல்லோரும் நம்புவார்கள் என்று வக்கீல் கைவிரித்துவிட்டாராம். தொழிற்சாலையில் விசாரணை நடந்த நாளன்று அண்ணாச்சி வராந்தாவில் என்னிடம் வந்தார்.

“தம்பி, வேற எவனும் என் பேருல அனுப்ப முடியுமா, முடியாதா? உள்ளதச் சொல்லிரு, அது போதும்.”

தலையாட்டினேன்.

உள்ளே மேலாளரும் அதையேதான் கேட்டார். முடியும் என்றால், பாஸ்வேர்டை அப்படி வைத்தது யார் என்பது அடுத்த கேள்வியாக வரும். “பாஸ்வேர்டு தெரியாம யாராலயும் முடியாது சார்” என்றேன். பொய்யில்லைதான். அது எல்லோர் கண்ணிலும் படும் எண் என்பதை மட்டும் சொல்லவில்லை. அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றினேன். மறுநாள் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள்.

எட்டு மாதம் கழித்து, மனசு கேட்காமல், டவுணில் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். யாருக்கோ வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா ஒனக்கு வேலதான் போயிருக்கும். வேற வேல கெடச்சிருக்கும். எனக்குத் திருடன்னுல்லா பேரு வந்துட்டு.”

எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

அதை நிர்வாகத்துக்கு அனுப்பினோம். என் வேலை போனது. அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. வரைபடத்தை அனுப்பியது யார் என்று கடைசிவரை தெரியவும் இல்லை.

பிறகு இதற்கெல்லாம் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் இல்லாத அந்த நாளில் அவருக்கு இருந்த ஒரே சாட்சி நான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லித் தப்பித்துக்கொண்டதை இன்றுவரை என்னால் உண்மை பேசியதாக எண்ண முடியவில்லை.