செத்தவீட்டில் அழாதவள்

சண்முகநாதன் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற இடத்திலேயே விழுந்து செத்துப்போனார். காலை ஏழு மணியிருக்கும். மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாத்தி நிரம்பி, வரம்பு உடைத்துத் தண்ணீர் தன் காணிக்குள் வந்த கோபத்தில்தான் பக்கத்துக் காணிக்காரர் ஏசுவதற்கென்று வந்து பார்த்தார். சண்முகநாதனுக்கு வயது ஐம்பத்தெட்டு. காய்ச்சல் என்று ஒருநாள் பாயில் படுக்காத மனிதர்.

அவருடைய ஒரே தங்கை குணலட்சுமி. அச்சுவேலியில் ஒரு மிளகாய்த்தூள் மில்லில் வேலை செய்பவள். வேலைக்குப் போகச் சைக்கிளை எடுத்தபோது செய்தி வந்தது. அண்ணன் வீடு இரண்டு வளவு தள்ளித்தான். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். விறாந்தையில் கிடத்தியிருந்தார்கள். காலில் சேறு இன்னும் காயவில்லை.

"உன்ரை அண்ணை போயிட்டாரடி" என்று அண்ணன் மனைவி மகாதேவி அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு குழறினாள். குணலட்சுமியும் மச்சாளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தும்மல் வரப்போய் நின்றுவிட்டால் வாயைத் திறந்தபடி காத்திருப்போமே, அப்படிக் காத்திருந்தாள். நெஞ்சுக்குள் எங்கேயோ ஆழத்தில் ஏதோ கிடக்கிறது என்று தெரிந்தது. அது மேலே வரவில்லை.

கனடாவிலிருந்து மகன் வந்து சேரும்வரை மூன்று நாள் பிரேதம் வீட்டில் இருந்தது. அந்த மூன்று நாளும் பெட்டியின் தலைமாட்டில் மகாதேவியும் பக்கத்தில் குணலட்சுமியும் இருந்தார்கள். வருகிற பெண்கள் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லி அழுதார்கள். குணலட்சுமி அவர்களைத் தாங்கிக்கொண்டாள், மூக்குச் சீறத் துணி எடுத்துக் கொடுத்தாள், தேத்தண்ணி குடிக்கச் சொன்னாள். அழவில்லை. வெற்றிலைத் தட்டைச் சுற்றியிருந்த பெண்களுக்கு இது இரண்டாம் நாளே கதையாகிவிட்டது.

"தூளோடை நிண்டு நிண்டு கண் காய்ஞ்சு போச்சாக்கும்."

"பாவம், கண்ணிலை பூச மில்லிலை கொஞ்சம் தூள் மடியிலை கட்டிக்கொண்டு வந்திருக்கலாம்."

குணலட்சுமியின் காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை.

மகாதேவிக்கு மட்டும் அது பகிடியாகத் தெரியவில்லை. இரண்டு வீட்டுத் தோட்டத்துக்கும் ஒரே கிணறு. தகப்பன் விட்டுப்போன பங்குக்கிணறு. அண்ணனுக்கு நாலு நாள் இறைப்பு முறை, தங்கைக்கு மூன்று நாள். சாவுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் தன்னுடைய முறையிலும் அண்ணனின் மோட்டார் ஓடியதைக் கண்டு, குணலட்சுமி வேலியடியில் வந்து நின்று, "என்ரை முறையிலையும் நீங்களே இறைச்சால் என்ரை பீற்றூட் என்னத்தைக் குடிக்கிறது?" என்று கேட்டாள். சிரித்துக் கேட்கவேண்டிய கேள்வி. அவள் சிரிக்கவில்லை, சத்தம் போடவுமில்லை. கல்லில் எழுதியதை வாசிப்பதுபோல் கேட்டாள். சண்முகநாதன் சிரித்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தினார். அடுப்படியில் நின்ற மகாதேவிக்கு அந்தக் குரல் மனத்தில் தங்கிவிட்டது.

பெட்டியைத் தூக்குகிற நேரம் பெண்கள் எல்லோரும் விழுந்து அழ, குணலட்சுமி சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள். அழுதுகொண்டிருந்த மகாதேவி தலையை நிமிர்த்தினாள்.

"ஒரு சொட்டு விடேல்லைப் பாத்தியளே. கிணத்து முறையை மனசிலை வைச்சுக்கொண்டு நிக்கிறாள்."

பறைச்சத்தத்தையும் மீறி அது படலை வரை கேட்டது.

உண்மையைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் பெட்டிக்குள் இருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னர் குணலட்சுமியின் கணவர் டெங்குக் காய்ச்சலில் ஐந்தே நாளில் போனார். அரை வருடம் அவள் சமாளித்தாள். பிறகு ஒருநாள் மில்லில் நெஞ்சை ஏதோ பிடித்து அமுக்கியது. மூச்சு வராமல், சாகப்போகிறேன் என்று நிலத்தில் இருந்துவிட்டாள். இதயத்தில் ஒரு குறையுமில்லை என்றார்கள். அது திரும்பத் திரும்ப வந்தது. நித்திரை போனது. கடைசியில் டொக்டர் மனநலக் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். அதை அவள் நாலாய் மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். மகள் தக்சாயினிக்கு நாளைக்குக் கலியாணம் பேசவேண்டும். தாய்க்கு விசர் என்று ஒரு சொல் வெளியே போனால் போதும்.

அண்ணன்தான் அந்தத் துண்டைக் கண்டுபிடித்தார். "நெஞ்சுக்கும் மருந்துதான், தலைக்கும் மருந்துதான். ஏறு." பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊராரைக் காணவேண்டிவரும் என்று தூரத்தில் இருக்கிற ஒன்றுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போனார். மாதத்தின் முதல் புதன்கிழமை. மனைவிக்குச் சொன்னது விவசாயச் சங்கக் கூட்டம். ஊருக்கும் தக்சாயினிக்கும் சொன்னது பிறசருக்கு மருந்து எடுக்க என்று. கிளினிக் முடிய எதிரிலிருந்த கடையில் வாய்ப்பனும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுப்பார். இரண்டு வருடம், ஒரு மாதம் தவறவில்லை.

கிளினிக்கில் கொடுத்த குளிசை வேலை செய்தது. பயம் அடங்கியது, நித்திரை வந்தது, மில்லுக்குத் திரும்பிப் போனாள். ஆனால் பயம் போன வழியால் வேறு சிலதும் போயின. தக்சாயினி கம்பசுக்கு எடுபட்ட செய்தி வந்த நாளில் சண்முகநாதன் தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். தாய், "நல்லது" என்றாள். மகளுடைய முகம் வாடியதைக் கண்டாள். கண்டும் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. கிளினிக்கிலிருந்து வருகிற வழியில் அண்ணன் சொல்கிற பகிடிகளுக்கு முந்தி அவள் சீற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஒருநாள் அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, "என்னடி, உந்தக் குளிசை சிரிப்பையும் பிடிச்சு வைச்சிருக்கோ?" என்று கேட்டார். அதை அவள் டொக்டரிடம் சொல்லவில்லை. டொக்டர் கேட்பது நித்திரை வருகிறதா, பயம் இருக்கிறதா என்றுதான். ஓம், இல்லை. அடுத்தவர் வரலாம்.

எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவு அன்று, அண்ணனுக்குப் படைக்க அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலைத் தானே பொரித்தாள். மகாதேவி அதைப் படையலில் வைக்கவிடவில்லை. பாத்திரத்தோடு வீட்டுக்குத் திரும்பி வந்து அடுப்படியில் இருந்தபோதுதான் அண்ணன் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அப்படியானால் நான் கல்லாகவில்லை. குளிசைதான் பிடித்து வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டால் அழலாம். அந்தியேட்டிக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையில் சனம் பார்க்க அண்ணனுக்காக அழுதுவிட்டால், மச்சாளுக்கு வேறொன்றும் சொல்லவேண்டியிராது. யாரையும் கேட்கவில்லை. கேட்க ஆளும் இல்லை. அன்றைக்கே நிறுத்தினாள்.

நிறுத்திய நாலாம் நாள் தலையைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே கரண்ட் அடித்ததுபோல் ஒரு வெட்டு வெட்டியது. சைக்கிளில் போகத் தெரு சரிந்தது. இரண்டாம் கிழமை கண்ணீர் வந்தது. மில்லில் ஒரு சாக்கு வெடித்து மல்லி கொட்டுண்டதற்கு விம்மி விம்மி அழுதாள்; மினிபஸ்ஸில் ஒரு குழந்தை பிஸ்கற்றைக் கீழே போட்டதற்கு அழுதாள். அண்ணனை நினைத்தால் மட்டும் வரவில்லை. ஆனாலும் வழி திறந்துவிட்டது என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். கண்ணீரோடு கூட வேறொன்றும் வருவதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. தக்சாயினி தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டதற்குக் கோப்பையைச் சுவரில் எறிந்தாள். இருபது வருடத்தில் ஒருநாளும் செய்யாத வேலை.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் கிரியை முடித்துப் பிண்டத்தைக் கடலில் விட மகன் இறங்கியபோது அது வந்தது. கால் மடிந்து கல்லில் விழுந்து, "அண்ணை, என்ரை அண்ணை" என்று குழறினாள். இரண்டு பேர் பிடித்தும் எழுப்ப முடியவில்லை.

பின்னால் மகாதேவி மெதுவாகச் சொன்னாள். "முப்பத்தொரு நாளைக்குப் பிறகு இப்பதான் உவவுக்குச் செய்தி கிடைச்சிருக்கு."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

குணலட்சுமி எழும்பினாள். "ஓம். கிணத்துக்காகத்தான் அழேல்லை. போதுமோ? உந்தக் கிணத்துக்குள்ளையே நீ விழுந்து சா."

தாலி கழற்றி ஒரு மாதமான பெண்ணுக்கு, இவ்வளவு சனத்துக்கு முன்னால், எப்போதும் நீங்கள் என்று கதைக்கிற மச்சாளுக்கு. சொல்லி முடித்தபோதே அந்தச் சொற்களைத் தன் வாயிலிருந்து வந்தவையென்று அவளால் நம்ப முடியவில்லை.

அன்று பின்னேரம் தக்சாயினி அலுமாரியில் உடைக்காத குளிசை அட்டைகளைக் கண்டாள். பெயரைப் போனில் தேடி வாசித்தாள். தாயை ஒன்றும் ஏசவில்லை. அடுத்த நாள் கிளினிக் நாளல்லாவிட்டாலும் கூட்டிக்கொண்டு போனாள்.

டொக்டர் இளம்பெண். முழுக்கக் கேட்டார். "எல்லாருக்கும் இப்பிடி வராதம்மா. சிலருக்கு வரும். அழுகை, சிரிப்பு ரெண்டும் மங்கும். முதலே சொல்லியிருந்தால் அளவைக் குறைச்சிருப்பம். சட்டெண்டு நிப்பாட்டினபடியால்தான் உந்தக் கோபமும் தலைவெட்டும்." பழையபடி தொடங்கவேண்டும், நிலைக்கு வந்தபின் மாதம் மாதமாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றலாம் என்றார்.

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே" என்றாள் குணலட்சுமி.

டொக்டர் கொப்பியில் எழுதுவதை நிறுத்தினார். "ஓம். கேட்டிருக்கவேணும்" என்றார்.

வெளியே வந்ததும் தக்சாயினி, "மாமிக்குச் சொல்லுங்கோ" என்றாள்.

"உன்ரை கலியாணம்?"

"அது என்ரை பாடு. நான் பாக்கிறன்."

குளிசை தொடங்கி மூன்று கிழமை கழித்து அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மகாதேவி முற்றத்தில் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த பிடியை எடுத்தாள். குணலட்சுமி நிலத்தில் இருந்து தொடக்கத்திலிருந்து சொன்னாள். மில், மூச்சு, துண்டு, குளிசை, நிறுத்தியது, எல்லாம். கீரிமலையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள். அவளுடைய குரல் மறுபடி ஏற்ற இறக்கமில்லாமல் தட்டையாகியிருந்தது.

மகாதேவியின் கை நின்றது. "அவருக்குத் தெரியுமோ?"

"அவர்தான் ஏத்திக்கொண்டு போறவர்."

"எப்ப?"

"மாதத்திலை முதல் புதன்."

மகாதேவி பாதி கட்டிய பிடியை இறுக்கிக் கட்டினாள். "சங்கக் கூட்டமெண்டு சொல்லுவர்" என்றாள். "ரெண்டு வரிசமாய் வெளிக்கிட்டுப் போக நான் சேர்ட் அயன் பண்ணிக் குடுத்தன். ஏன் எனக்கொரு சொல் சொல்லேல்லை? நான் என்ன, ஊரிலை போய்க் கதைச்சுத் திரிவனோ?"

"நான்தான் சொல்லவேண்டாமெண்டு சத்தியம் வாங்கினனான், மச்சாள்."

"உமக்குக் குடுத்த சத்தியம் பெரிசு. நான் முப்பது வரிசம் அவரோடை இருந்தனான்."

பிறகு அவள் அழுதாள். செத்தவீட்டு அழுகையல்ல, சத்தமில்லாமல், கையில் கட்டிய பிடியோடு. குணலட்சுமி எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்து தோளில் கையைப் போட்டாள். மகாதேவி தலையைத் திருப்பி அவளுடைய கண்களைப் பார்த்தாள். காய்ந்திருந்தன. பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். கையைத் தட்டிவிடவில்லை.

"பிள்ளையின்ரை கலியாணம் முடியுமட்டும் நான் வாய் திறக்கமாட்டன்" என்றாள் கடைசியில். "நீர் சொன்னதை நான் நம்பிறன். நம்பினாலும், உம்மடை முகத்தைப் பாக்கேக்கை எனக்கு அண்டைக்குப் பெட்டியடியிலை நிண்ட மாதிரித்தான் தெரியுது. கொஞ்சக் காலம் வராதையும் குணம்."

"ஓம் மச்சாள்" என்று குணலட்சுமி எழும்பினாள். போகும்போது நிலத்தில் சிந்திக் கிடந்த வெங்காயங்களைப் பொறுக்கி ஓலைப்பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனாள்.