ஏறாத எண்

யாரையும் சட்டென்று நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. கீரை வாங்கினால்கூடக் கட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். அதனால் சில எலிகளின் இரத்தத்தில் எண் ஏறவில்லை என்றதும், எங்கள் ஆய்வகத்தின் விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட அண்ணன் மேல்தான் என் சந்தேகம் விழுந்தது.

காய்ச்சல் மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் எலிக்குக் கல்லீரல் கெடும். கெட்டதா என்று உறுதியாகத் தெரிய அதுவரை எலியை அறுத்துத்தான் பார்த்தார்கள். அறுக்காமல், வாலில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்திலேயே அதைக் காட்டிக்கொடுக்கும் புரதம் ஒன்றை நான் பிடித்து வைத்திருந்தேன். கல்லீரல் கெடும்போது அதன் அளவைக் காட்டும் எண் ஏற வேண்டும். ஏறாவிட்டால் என் மூன்று வருட உழைப்பு போச்சு. பாழாய்ப்போனது, ஒரு எலிக்கு ஏறியது, அடுத்ததற்கு ஏறவில்லை.

தினமும் மருந்து ஊட்டுவது அந்த அண்ணன். தல்லாகுளத்தில் பஸ் பிடித்து, திருமங்கலம் தாண்டி நான் வந்து சேர்வதற்குள் முடித்துவிடுவார். ஊட்டினாரா, கீழே ஊற்றினாரா, யார் கண்டது?

"அண்ணே, மருந்து முழுசாக் குடுத்தீங்களா?"

"அம்புட்டும் குடுத்துட்டேம்மா."

நிமிராமல் சொன்னார். எதையோ மறைக்கிறார் என்று பட்டது. மிச்ச மருந்தை அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினேன். கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். உள்ளங்கையில் பச்சையாய் ஏதோ விழுது. வாடிப்போன எலிகளுக்கு மட்டும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"கீழாநெல்லிம்மா. காமாலைக்குக் குடுக்கிறதுதான். வீட்டுல அரைச்சுக் கொண்டாந்தேன்."

"என் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களேண்ணே!" என்று கத்திவிட்டேன்.

"ஈரல் கெடுறது ரத்தத்துலயே தெரிஞ்சுரும்னு நீங்கதானம்மா சொன்னீங்க. தெரிஞ்சபெறகு சும்மா பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

ஆராய்ச்சி, விதிமுறை, நாளை மனிதர்களுக்கு ஆகும் நன்மை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். உள்ளங்கையைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டார். எண் ஏறாததற்குக் காரணம் அந்த இலைதானா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. வேறொன்று கலந்துவிட்ட சோதனையை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. அந்த முடிவுகள் மொத்தத்தையும் தள்ளிவிட்டு, புது எலிகளோடு முதலிலிருந்து ஆரம்பித்தேன். மேலே புகார் சொல்லவில்லை. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. இந்தத் தடவை மருந்தை நானே ஊட்டினேன், கூண்டுச் சாவியை என் பையிலேயே வைத்துக்கொண்டேன். தண்ணீர் மாற்ற மட்டும் அவரைக் கூப்பிட்டு, முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

மூன்றாம் நாள் எண் ஏறியது. ஒன்று விடாமல் எல்லா எலிக்கும்! எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று விலங்குக்கூடத்துக்கு ஓடினேன்.

"அண்ணே, ஏறிருச்சு! எல்லாத்துக்கும் ஏறிருச்சு!"

தரையைக் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப எல்லாத்துக்குமே ஈரல் போயிருச்சாம்மா?"