கதவிடுக்கில் கால் வைத்து நின்றவர்

உருத்திரபுரத்திலிருந்து வவுனியாவுக்குப் போனது மகளின் நச்சரிப்பால்தான். பல்கலைக்கழகத்தில் நாடகம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் இன்னும் சம்மதிக்கவில்லை. காலையில் நூதனசாலைச் சிலைகளையெல்லாம் கொப்பியில் வரைந்தாள். பின்னேரம் நாடகம்.

மண்டபத்தின் வாசற்காவலர் மெலிந்து நரைத்த மனிதர். நாடகம் தொடங்கிய பிறகும் கதவைச் சாத்தவிடாமல், செருப்புக் காலை இடுக்கில் வைத்தபடி நின்றார். வெளிச்சம் வருகிறதென்று ஆட்கள் முறைத்தும் அவர் அசையவில்லை.

திடீரென்று மேடைக்குப் பின்னால் யாரோ தகரத்தில் ஓங்கி அடித்தார்கள். அடுத்த கணம், ஷெல் விழுந்த காலத்தைப் போலவே நான் நிலத்தில் கிடந்தேன், மகள் எனக்குக் கீழே. தலையைத் தூக்கினால், வாசலில் அவரும் குப்புறக் கிடந்தார்.

"அம்மா, எழும்புங்கோ. சனம் பாக்குது."

அவர் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "பயப்பிடாதேங்கோ தங்கச்சி, உது தகரம். நேற்றும் அடிச்சவங்கள்."

"தெரிஞ்சுமோ அண்ணை விழுந்தனீங்கள்?"

"எந்த வசனத்துக்குப் பிறகு அடிப்பாங்கள் எண்டது எனக்குப் பாடம். உடம்புதான் பாடமாக்குதில்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வெளியே ஓட ஒரு வழி வேண்டும் என்பதுபோல மறுபடி காலைக் கதவிடுக்கில் வைத்தார். நாளைக்கும் விழுவோம் என்று தெரிந்துகொண்டே ஒரு மனிதர் எப்படி வேலைக்கு வருகிறார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஊர் திரும்பும் பஸ் ஓமந்தையைத் தாண்டியது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நாடகம் போட்டா வந்து பாப்பீங்களோ அம்மா?"

"ஓம்," என்றேன். "ஆனா கதவடியிலதான் இருப்பன்."